அரைச்சுற்று

வளைவு ஒரு பையில் தொடங்குகிறது. அம்பலவாணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு பைதான், கணக்கில் வருகிற பை. திரையில் நீலக் கோடு இடது ஓரத்தில் ஒன்று என்று போட்ட இடத்தில் கிளம்பி, வலது பக்கம் போகப்போகச் சாய்ந்து சுழிக்கு, பூஜ்யத்துக்கு, போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்துப் படத்திலோ இரண்டு சிவப்புப் புள்ளி. இரண்டு புள்ளியும் ஒரு பையும். எப்படி ஒத்துப்போகும்? மேடையில் அந்தப் பெண் பிரம்மசக்தி தன் முனைவர் பட்ட வைவாவில், வாய்மொழித் தேர்வில், குச்சியைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் காதில் வாங்கவில்லை. வாங்கி என்ன ஆகப்போகிறது, கோடு சொல்லுகிறதே. துகளைத் தூக்கிப் போட்டால் உள்ளே போய் வெளியே வருகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அது வாய் திறக்காது. ஆனால் போன அலை போன மாதிரியே திரும்புவதில்லை, கொஞ்சம் பிசகித்தான் திரும்பும். அந்தப் பிசகுக்கு விலகல் என்று பெயர். துகளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஊர்ந்து போகிற நிலையில் அந்த விலகலைக் கேட்டால், உள்ளே எத்தனை கட்டுநிலை என்று கணக்காகச் சொல்லிவிடும். கட்டுநிலை, பவுண்ட் ஸ்டேட், என்றால் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே தலைகாட்டாதது. ஒன்று இருந்தால் ஓர் அரைச்சுற்று, இரண்டு இருந்தால் இரண்டு. அரைச்சுற்றுக்குப் பை என்று பெயர். வந்துபோகிறவனை வைத்து வீட்டோடு கிடக்கிறவனை எண்ணுவது, இவ்வளவுதான் விஷயம். இதை முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதியாயிற்று. கோடு ஒரு பை என்கிறது. அப்படியானால் உள்ளே ஒருவன்தான். இவள் இரண்டு புள்ளி வைத்திருக்கிறாள். அவரும் அப்படித்தான் எழுதினார், மதிப்பீட்டு அறிக்கையில், இரண்டு கட்டுநிலைகள் இருப்பதை ஆய்வாளர் நிறுவியிருப்பது பாராட்டத்தக்கது என்று. எழுதி அனுப்பி இரண்டு மாதம் இருக்கும். கையெழுத்தும் போட்டாயிற்று. புளிப்பாக ஓர் ஏப்பம் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட சாம்பார். தேவசகாயம் இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னான். அவன் எதையும் இரண்டாம் தடவை செய்கிறவன்.

தேவசகாயம் முதல் வரிசையில், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இவளுக்கு நெறியாளர் அவன். இதுதான் அவனுக்குக் கடைசி மாணவியாம், வருகிற ஜூனில் ஓய்வாம். சென்னை விடுதியில் அவருக்கு நாலு வருஷம் இளையவன், நாசரேத்துக்காரன், அன்றையிலிருந்து அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டேதான் கழுத்தை அறுத்தான். மறக்க முடியுமா. அவருடைய முதல் கருத்தரங்கு, ஊரிலிருந்து பெரிய தலைகளெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிற கூடம், அவர் ராவும் பகலுமாகக் கால்குலேட்டரைத் தட்டிப் போட்ட கோடு பலகையில். கோடு சுழியில் தொடங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. அண்ணே, உள்ளே ஒரு பவுண்ட் ஸ்டேட் இருக்குன்னு நீங்களே சொன்னீங்க, அப்ப அந்த ஒரு பை எங்கே போச்சு? வேறு ஒன்றுமில்லை, கேட்டுவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்துகொண்டான். எங்கே போச்சு. கால்குலேட்டர் தின்றுவிட்டது. அதற்கு முழு விலகலைக் காட்டத் தெரியாது. எத்தனை அரைச்சுற்று சுற்றி வந்தாலும் மிச்சத்தை மட்டும் காட்டும். ஒரு சுற்று விட்டுப்போனாலும் ஏழு விட்டுப்போனாலும் வெளியே அதே எண்தான், அதே முகம்தான். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தத் தொழிலுக்கு வந்த பயல் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது இதில் வழுக்கி விழுகிறவன்தான். ஆனால் அவர் விழுந்தது அத்தனை பேர் முன்னாலும். முன் வரிசைக் கிழவர் ஒருவர் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. அன்று சாயந்திரம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் டீயைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான். அண்ணே, நான் தெரியாமத்தான் கேட்டேன் என்றான். அவர் அந்த டீயைக் குடிக்கவில்லை. அப்புறம் எத்தனை வருஷம், எத்தனை பேரை அவர் நிற்க வைத்துக் கேட்டிருப்பார். வைவாவுக்கு அம்பலவாணன் வருகிறார் என்றால் பையன்களுக்குப் பேதியாகும் என்பார்கள். வாள் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவருக்கும் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். யாரையும் தப்பித்துப்போக விட்டதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம். மனைவி சிவகாமி போன பிறகு அதுதான் மிச்சம்.

பத்து வருஷமாக அவருக்கு யாரும் ஆய்வேடு அனுப்பவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டார். திடீரென்று தேவசகாயத்திடமிருந்து போன் வந்தது. அண்ணே, நம்ம பிள்ளை ஒண்ணு முடிச்சிருக்கு, நீங்கதான் பாக்கணும். பார், இவனுக்குத்தான் துணிச்சல் என்று அப்போது தோன்றியது. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. துணிச்சலா, தெரிந்தே அனுப்பினானா. கிழவன் படிக்க மாட்டான், கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று. யாராவது சொல்லியிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள்? ஒன்றுமில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுத்து கொஞ்சம் ஆடுகிறது. வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது முந்தின வரி எங்கேயோ போய்விடுகிறது. எல்லாருக்கும் வயசானால் அப்படித்தான். அது கிடக்கட்டும். புள்ளி இரண்டு, பை ஒன்று, இதற்கு இப்போது என்ன செய்வது. தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும். கட்டுநிலையைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. வந்துபோகிறவனின் சூத்திரத்தை எடுத்து, ஆற்றலைச் சுழிக்குக் கீழே, எந்தத் துகளும் பறக்க முடியாத பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால், சில இடத்தில் சூத்திரம் வெடிக்கும். அந்த இடத்துக்குத் துருவம் என்று பெயர். துருவம் வந்தால் அங்கே ஒரு கட்டுநிலை குடியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும். ஆனால் இவள் எடுத்துக்கொண்ட விசை மாதிரி, தூரம் போகப்போக மளமளவென்று தேய்கிற விசையில் பொய்த் துருவமும் வரும். வகுப்பில் அவர் சொல்லுவார், கதவில் பெயர்ப்பலகை இருக்கும், மணி அடித்துப் பார், வீட்டில் ஆள் இருக்காது. பையன்கள் சிரிப்பார்கள். இது ஆதிகாலத்துச் சமாச்சாரம், முதல் வருஷப் பையனுக்கே தெரியவேண்டியது. தேவசகாயத்துக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஒரு பை எங்கே போச்சு என்று கேட்டவனுக்கு இது தெரியாதா. தெரிந்தே விட்டிருக்கிறான். கடைசி மாணவி, முடித்துவிட்டுப் போவோம் என்று. கேட்கட்டுமா. கை தூக்கி, ஒரே ஒரு வார்த்தை. எங்கே போச்சு. அவன் கேட்டதே, அவன் முகத்துக்கு நேரே, அவனுடைய ஊரில், அவனுடைய கூடத்தில், அவன் ஆட்கள் முன்னால். நாக்கின் நுனியில் என்னவோ இனித்தது. உடனே கசந்தது.

ஏனென்றால் மூன்றாவது வரிசையில் அந்த மனிதர் இருக்கிறார். பெண்ணின் அப்பா. தனியார் பஸ்ஸில் கண்டக்டர், இன்றைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறார். பக்கத்தில் அம்மா, அவள் மடியில் பிரம்மசக்தியின் கைக்குழந்தை, வாயில் சேலை முனை. காலையில் காரிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து கும்பிட்டார் மனிதர். ஐயா, கோவில்பட்டிக் காலேஜ்ல பிள்ளைக்கு வேலை சொல்லியிருக்காவ. இன்னைக்குப் பட்டம் உறுதியானாத்தான் உண்டும்னுட்டாவ. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்லா? அம்பலவாணன் வேலை விஷயம் எனக்கெதற்கு என்கிற மாதிரி ஒரு உறுமல் உறுமிவிட்டு நடந்தார். அந்த ஆள் அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு மறுபடி கும்பிட்டார். அந்த மனிதரைப் பார்த்து எழுந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. எதற்கு வந்து கும்பிட வேண்டும். கும்பிட்டால் கோடு இரண்டு பைக்கு ஏறிவிடுமா. கேள்வி கேட்டால் வைவா நிற்கும், திருத்தி எழுது என்பார்கள், ஆறு மாதம் போகும், கோவில்பட்டி வேறு ஒருத்திக்குப் போகும். கேட்காவிட்டால் ஒரு பொய்ப் புள்ளி, யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு ஆய்வேட்டில் நூலக அலமாரியில் தூங்கும். யாருக்கு என்ன நஷ்டம்? சிவகாமியாக இருந்தால் விட்டுத்தொலைங்களேன் என்பாள். அவள் எதையும் விட்டுத்தொலைக்கச் சொல்லுகிறவள். கடைசியில் அவளே விட்டுவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், அவர் சொன்னார், இல்லை அது முந்தின நாளா. எந்த நாள் அது? புதன்கிழமை. புதனா? இன்றைக்குக் காலையில் அவர் தேவசகாயத்திடம் உன் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார், பெங்களூரு என்றான். சாப்பாட்டு மேஜையில் அவன் மறுபடியும், கேட்காமலேயே, பையன் பெங்களூர்லதாண்ணே என்றான். எதையும் இரண்டாம் தடவை சொல்லுகிற பயல். கேட்காமலா? அவர் கேட்டிருப்பாரோ? பக்கத்திலிருந்த துறைத்தலைவி அந்தச் சமயம் தன் தட்டைப் பார்த்துக் குனிந்தாள். ஏன் குனிந்தாள்? அப்பளம் எடுக்கக் குனிந்தாள். அப்பளம் அந்தப் பக்கம் இல்லையே.

கை எழுந்துவிட்டது. அவர் எழுப்பியதா, தானாக எழுந்ததா, தெரியாது. குச்சி திரையில் நின்றது. பிரம்மசக்தி பேச்சை நிறுத்தி, சார் என்றாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.  தேவசகாயம் கையைக் கட்டியபடியே தலையை லேசாகத் திருப்பினான். அவன் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"கோடு எங்கேம்மா தொடங்குது?" என்றார் அம்பலவாணன். குரல் பழைய குரல்தான், அதில் ஒரு குறையுமில்லை.

"ஒரு பையில, சார்."

"உள்ளே எத்தனை பவுண்ட் ஸ்டேட்?"

"ஒண்ணு சார்."

"ரெண்டு புள்ளி வெச்சிருக்கியே. இன்னொண்ணு யாரு?"

அவள் தேவசகாயத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள், பச்சைப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக. "அது பொய்த் துருவம், சார். அஞ்சாவது சாப்டர் முழுக்க அதுதான். அடுத்த படத்துல வருது." பொத்தானை அழுத்தினாள். அடுத்த படம் வந்தது. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. இரண்டாவது துருவம் ஏன் கட்டுநிலை ஆகாது. கீழே கணக்கு, படிப்படியாக, சுத்தமாக. ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு அதன்மேல் குறுக்குக்கோடு அடித்திருந்தாள். கூடத்தில் ஒரு முனகல் பரவியது, மெச்சுகிற முனகல். துறைத்தலைவி பக்கத்தில் இருந்தவரிடம், பாத்தீங்களா, சார் சரியா அந்த எடத்துல நிறுத்தினார், அதான் அனுபவம் என்றது கேட்டது. மூன்றாவது வரிசையில் அப்பா முகம் மலர்ந்து மனைவியிடம் என்னவோ சொன்னார். பெரிய ஐயாவே நம்ம பிள்ளைகிட்ட சந்தேகம் கேக்காரு என்று சொல்லியிருப்பார். அம்பலவாணன் கையை இறக்கிக்கொண்டார். சரி, மேலே போ என்றார். அவள் மேலே போனாள்.

அவள் மேலே போகிறாள், இவர் கீழே போகிறார். அஞ்சாவது அத்தியாயம். அப்படி ஒன்று இருக்கிறதா. மடியில் ஆய்வேடு இருந்தது, அவருக்கு அனுப்பிய அதே பிரதி, பச்சை அட்டை. படிக்கவில்லை, அவ்வளவுதான், சோம்பேறித்தனம், நாலு அத்தியாயத்தோடு மூடிவைத்திருப்பேன், ஊர் உலகத்தில் எந்த மதிப்பீட்டாளன் முழுக்கப் படிக்கிறான். இப்படி நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. சோம்பேறி என்பது ஒரு வசவா, அதைச் சுமந்துகொள்ளலாம். கையில் பட்ட இடத்தில் புரட்டினார். அஞ்சாவது அத்தியாயம் வந்தது. ஓரத்தில் பென்சில் கோடு. அடுத்த பக்கத்திலும். அதற்கு அடுத்ததிலும். அவருடைய பென்சில், வாலை இடப்பக்கம் இழுத்துவிடுகிற அவருடைய டிக். ஒரு சமன்பாட்டில் குறி மாறியிருந்ததைச் சுழித்துத் திருத்தியிருந்தார். திருத்தம் சரியாகவும் இருந்தது. பொய்த் துருவம் என்று அவள் முடிக்கிற வரிக்கு எதிரே, நுணுக்கி, பெயர்ப்பலகை உண்டு ஆள் இல்லை, பலே என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படித்திருக்கிறார். வரிவரியாகப் படித்து, தப்பைத் திருத்தி, பலே போட்டு, மூடிவைத்து, பிறகு உட்கார்ந்து இரண்டு கட்டுநிலை என்று எழுதியிருக்கிறார். எப்போது எழுதினார்? மறுநாளா, அதே நாளா? எந்த மேஜையில்? அந்தப் பென்சில் எங்கே? ஒன்றும் இல்லை. நூற்றுச் சொச்சம் பக்கம் அவருக்குள் போய் வெளியே வந்திருக்கிறது, ஒரு மயிரிழை விலகல் இல்லாமல். விலகல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். வகுப்பில் முதல் நாள் சொல்லுகிற பாடம். உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். அல்லது, இன்னொன்று, சுற்று சுற்றாக விட்டுப்போயிருக்கிறது, வெளியே அதே எண், அதே குரல், அதே டிக், பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை சுற்று போயிருக்கும் இதுவரை. பெங்களூரு எத்தனை தடவை. பால்காரனுக்கு இந்த மாதம் கொடுத்தாயிற்றா. மகளிடம் போனில் பேசும்போது, அப்பா நேத்தே சொன்னீங்களேப்பா என்று அவள் சொல்வதில்லையே. சொல்லாமல் விடுகிறாளா? காஸ் அடுப்பு?  அட்டையை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

கைதட்டல் கேட்டது. முடித்துவிட்டாள். இரண்டொரு பேர் என்னவோ கேட்டார்கள், அவள் என்னவோ சொன்னாள். அப்புறம் தேவசகாயம் எழுந்து மேடைக்குப் போனான், கையில் காகிதம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மதிப்பீட்டு அறிக்கையைச் சபையில் வாசிக்க வேண்டும், அதுதான் விதி, வைவா என்றால் கடைசியில் நெறியாளர் அதை உரக்க வாசித்துத்தான் பட்டத்துக்குப் பரிந்துரை சொல்லுவார். அந்த வாக்கியம் அதில் இருக்கிறது. இரண்டு கட்டுநிலைகள் இருப்பதை நிறுவியிருப்பது. திரையில் குறுக்குக்கோடு அடித்த புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. இதற்குக் கீழே நின்றுகொண்டு அவன் அதை வாசிப்பான். சபை முதலில் விளங்காமல் முழிக்கும், பிறகு யாராவது ஒரு பொடியன் பின்வரிசையில் சிரிப்பான், துறைத்தலைவி தட்டைப் பார்த்த மாதிரி மடியைப் பார்ப்பாள். வாசிக்கட்டும். அவனுக்கு அதற்கு உரிமை உண்டு. அன்றைக்கு அவன் கேட்டது சரி, இன்றைக்கும் அவன் சரி. எழுந்து போய்விடலாமா, கழிப்பறை என்று சொல்லலாம். அதற்குள் தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலில் வெளிமாநில மதிப்பீட்டாளர் எழுதியதை வாசித்தான். பிறகு, அடுத்தது நம்ம அண்ணன் பேராசிரியர் அம்பலவாணன் அவர்களுடைய அறிக்கை என்றான். வாசித்தான். ஆய்வுப்பொருள் தேர்வு நன்று. முந்தைய ஆய்வுகளை ஆய்வாளர் முறையாகக் கற்றிருக்கிறார். சிதறல் கணக்குகள் துல்லியம். இதற்கு அடுத்த வாக்கியம்தான். அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஆய்வேட்டை முனைவர் பட்டத்துக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன் என்றது தேவசகாயத்தின் குரல். இடையில் மூச்சு வாங்கவில்லை, தடுக்கவில்லை, வாய்க்காலைத் தாண்டுகிறவன் பேச்சை நிறுத்தாமல் தாண்டுகிற மாதிரி தாண்டிவிட்டான். அவர் கண்ணைத் திறந்தார். அவன் காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். சபையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், அவரை மட்டும் பார்க்கவில்லை.

அப்பா மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றே கைதட்டினார். குழந்தை பயந்து அழுதது. யாரோ வந்து அம்பலவாணன் தோளில் பொன்னாடை போட்டார்கள், ஜரிகை கழுத்தில் குத்தியது. பிரம்மசக்தி குனிந்து காலைத் தொட்டாள். அவர் என்னவோ சொன்னார், நல்லாயிரு என்றுதான் சொல்லியிருப்பார். தேவசகாயம் டீ கொண்டுவந்து எதிரில் வைத்தான். அண்ணே, சூடா இருக்கு, பாத்து என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பையன் பெங்களூர்லதாண்ணே இருக்கான் என்றான். இந்தத் தடவை தான் கேட்டோமா கேட்கவில்லையா என்று அம்பலவாணன் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. டீயைக் குடித்தார். கூடம் நிறைய ஆட்கள், கேசரித் தட்டோடு, சிரிப்பும் பேச்சுமாக, எல்லாரும் படித்தவர்கள், பாதிப் பேர் இதே பாடம் நடத்துகிறவர்கள். அஞ்சு வாக்கியத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது எங்கே போச்சு என்று கேட்க ஒரு கை எழவில்லை.